ஆளிப் பெட்டி வராத வாரங்கள்

மேதா டெல்லி துவாரகாவில் நாலாவது மாடி ஃபிளாட் ஒன்றில் தனியாக இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில், சீக்கிரம் கெட்டுப்போகும் சாமான்களை வைக்கிற குளிர் அறையில் பதினாறு வருஷ வேலை. ரோஜாப்பூ, மருந்து, காளான், மீன் என்று டெல்லிக்குள் போகிற பலதும் அவள் கையெழுத்தோடுதான் வெளியே போகும். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில் அடித்தாலும் அவள் உள்ளே ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றுகொண்டிருப்பாள்.

அவளுடைய அப்பா மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்த்து, ரிட்டையராகி, சில வருஷத்திலேயே போய்விட்டார். அம்மா ஜெயலட்சுமி போன பிப்ரவரியில் காலமானாள். அண்ணன் கௌஷிக் புனேயில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் போன் செய்வான். அவன் மனைவி வங்காளி, குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பேச்சு ஹிந்தியில் தொடங்கி ஹிந்தியிலேயே முடியும்.

அம்மா இருந்தவரை வீட்டில் தமிழ்தான். அம்மா போனபின் தமிழ் பேச ஆள் இல்லை என்பதே மேதாவுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் வாயில் "அரே" என்று வந்தது. "ஐயோ" வரவில்லை. அப்புறம்தான் அடுப்பை அணைத்தாள்.

ஆனால் வாரத்தில் ஒரு தடவை, வியாழக்கிழமை மட்டும், அவள் தமிழ் பேசினாள். அதற்குக் காரணம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தெர்மோகோல் பெட்டிகள்.

அம்மா இருந்த காலத்தில், முதல் தடவை அந்தப் பெட்டிகள் வந்தபோது சீட்டில் உயிருள்ள சிப்பி என்று போட்டிருந்தது. ஈரச்சாக்கில் சுற்றிய, கல் போன்ற, கரடுமுரடான சிப்பிகள். பெரிய ஹோட்டல்காரர்கள் வாங்கிச் சமைப்பதற்கு. மேதா வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை. வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு பெட்டியை மூடப்போனபோது மேஜைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது.

"மேடம், நான் ஆத்துமணல்லேர்ந்து பொன்னி பேசுதேன். எங்க ஆளிப் பெட்டி வந்துட்டுதா?"

சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஹிந்தியிலோ தட்டுத்தடுமாறி இங்கிலீஷிலோ பேசுவார்கள். எதிர்முனையில் இருப்பவளுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று யோசிக்காமல் ஒருத்தி நேராகத் தமிழில் கேட்டது மேதாவுக்குச் சிரிப்பாக இருந்தது.

"ஆளின்னா?"

"சிப்பி மேடம். நாங்க ஆளின்னுதான் சொல்லுவோம்."

"வந்தாச்சு. ஆறு பெட்டி. எல்லாம் டீக் இருக்கு."

"டீக்னா?"

"நன்னா இருக்குன்னு அர்த்தம்."

பொன்னியும் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வியாழன்தோறும் அந்த போன் வரும். பெட்டி வந்துட்டுதா, வந்தாச்சு, அங்க குளிரா மேடம், ஆமா ரொம்ப, இங்க வெயிலு பொளக்குது. ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது.

அம்மா இறந்தபோது மேதா இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்த வியாழக்கிழமை பொன்னி கேட்டாள்: "போன வாரம் யாரோ ஹிந்தில பேசுனாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல, வச்சுட்டேன். ஊருக்குப் போயிருந்தியளா மேடம்?"

"எங்கம்மா தவறிட்டா."

பொன்னி, "சாப்பிட்டியளா மேடம்?" என்றாள்.

எத்தனையோ பேர் வந்து துக்கம் விசாரித்திருந்தார்கள். சொசைட்டி செக்ரட்டரி பூமாலை கொண்டு வந்தார். ஆனால் சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. "சாப்ட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, குளிர் அறைக்குள் போய் மாம்பழப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

அந்த டிசம்பரில் தெற்கே விடாமல் மழை பெய்தது. இரண்டாவது வியாழன் பெட்டி வரவில்லை. மழைதானே, அடுத்த வாரம் வரும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் வரவில்லை. அவளே போன் போட்டுப் பார்த்தாள். அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. ஹோட்டலுக்குச் சரக்கு எடுக்க வரும் மதனைக் கேட்டாள்.

"அந்த சப்ளை பந்த் மேடம்," என்றான் அவன். அவன் தமிழன்தான், டெல்லியிலேயே பிறந்தவன், வாயில் ஹிந்திதான் அதிகம் வரும். "அங்க எல்லாம் செத்துப் போச்சாம். இப்ப வேற கடல்லேந்து வரவழைச்சுக்கறாங்க. உங்களுக்கு என்ன ஃபரக் படுது?"

ஒன்றும் இல்லை என்றாள். அது உண்மைதான். அவளுடைய வேலையில் எந்த மாற்றமும் இல்லை. பெட்டி குறைந்ததால் ஒரு கையெழுத்து குறைந்தது, அவ்வளவே.

ஜனவரியில் மூடுபனி வந்தது. விமானங்கள் தாமதமாகி, பூப்பெட்டிகள் வாடி வந்தன. பொங்கல் வந்து போயிற்று. பொங்கல் கழிந்த மறுநாள் மேதா மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் கல்யாணமா என்று சூப்பர்வைசர் கேட்டார். இல்லை, ஒரு வேலை இருக்கிறது என்றாள். கௌஷிக்கிடமும் ஆபீஸ் வேலையாகப் போவதாகத்தான் சொன்னாள். பதினாறு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூட ஆபீஸ் எங்கும் அனுப்பியதில்லை என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

சென்னையில் இறங்கி, அங்கிருந்து சின்ன விமானத்தில் தூத்துக்குடி போய், லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் ஆத்துமணல் பஸ்ஸைப் பிடித்தாள். உப்பளங்களும் உடைமரங்களும் தாண்டி ஒரு மணி நேரம். கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது பஸ்ஸில் அவளைத் தவிர மூன்று பேர்தான் இருந்தார்கள்.

இறங்கிய இடத்திலிருந்தே மணல்தான். ஷூவுக்குள் மணல் புகுந்து நடக்க முடியவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் மணல்மேடும் அதற்கு அப்பால் கடலும். இன்னொரு பக்கம் ஆறு வந்து அகலமாகப் பரந்து, எது ஆறு எது கடல் என்று தெரியாமல் கிடந்தது. கழிமுகத்துத் தண்ணீரில் வரிசை வரிசையாகச் சவுக்குக் கம்புகள் நட்டிருந்தன. சில வரிசைகள் சாய்ந்து கிடந்தன. வழியில் வந்த ஒரு பெண்ணிடம், ஆளிப் பெட்டி அனுப்புகிற பொன்னி வீடு எது என்று கேட்டாள். அவள் கை நீட்டிக் காட்டினாள்.

இரண்டு வருஷமாகக் குரலை வைத்து மேதா ஒரு உருவம் செய்து வைத்திருந்தாள். ஐம்பது வயது, கொஞ்சம் பருமன், நெற்றியில் பெரிய பொட்டு. வாசலுக்கு வந்தவள் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். ஒல்லி. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"ஆரு வேணும்?"

அதே குரல்.

"நான் டெல்லிலேந்து வரேன். மேதா…"

"டெல்லியா?" பொன்னியின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க மேடம், வாங்க. உக்காருங்க, இந்தா வாறேன்." உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, மேதா வாயைத் திறக்கும் முன்பே தெருவில் இறங்கி ஓடினாள். "கோமளாக்கா, டெல்லிலேர்ந்து ஆபீசர் வந்துட்டாவ. மனுவ எடுத்துட்டு வா."

பத்து நிமிஷத்தில் எட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் சேலைக்கு மேல் சட்டை. யாரோ கலர் பாட்டில் உடைத்துக் கொடுத்தார்கள். கோமளா என்கிற பெரியவள் பிளாஸ்டிக் கவரில் போட்ட வெள்ள நிவாரண மனுவை மேதாவின் மடியில் வைத்தாள். ஆளி வளர்க்கிற மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"போன மாசம் ஒரு ஆபீசர் வந்தாரு. கரையிலேயே நின்னு போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டாரு. நீங்க அப்படிப் போவக் கூடாது மேடம். தண்ணிக்குள்ள எறங்கிப் பாக்கணும்."

"இல்ல, நான் வந்து…" என்று மேதா ஆரம்பித்தாள்.

"இப்ப வத்தம்தான் மேடம், கடலு எறங்கிக் கெடக்கு, முட்டளவுதான் தண்ணி. பயப்படாம வாங்க."

மேதாவின் தமிழ் மெதுவானது. ஒரு வாக்கியத்தை அவள் யோசித்துக் கூட்டுவதற்குள் அவர்கள் நாலு வாக்கியம் பேசிவிடுவார்கள். சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சல்வாரை முழங்கால்வரை சுருட்டிவிட்டு அவர்களுக்கு நடுவில் நடந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கோமளா ஒரு கம்பிலிருந்து கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். கயிற்றில் கோத்த பழைய ஓடுகள்மேல் ஆளிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் வாயைப் பிளந்திருந்தது. உள்ளே சேறு.

"மூணு நாள் ஆத்துத் தண்ணி நிக்காம வந்துது மேடம். கழியில உப்பே இல்லாமப் போயிட்டு. நல்ல தண்ணி பட்டா ஆளி வாய மூடிக்கிடும். ஒருநாள் மூடும், ரெண்டுநாள் மூடும். எத்தன நாளைக்கு மூடிக்கிட்டுக் கெடக்கும்?"

இன்னொருத்தி சொன்னாள்: "இந்த வரிசை பத்து மாசம் வளந்தது. தை பொறந்ததும் வெட்ட இருந்தோம்."

எட்டுப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். மேதாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் ஆபீசர் இல்லை," என்றாள். "ஏர்போர்ட்ல வேலை பண்றேன். உங்க பெட்டி வந்தா எடுத்து வைக்கிற எடம். அவ்வளவுதான். எனக்கு கவர்மென்ட்ல யாரையும் தெரியாது."

கோமளா கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"அப்ப இந்த மனு?" என்று கோமளா கேட்டாள்.

"மாஃப்… மன்னிச்சுக்கோங்கோ. மொதல்லயே சொல்லியிருக்கணும்."

கோமளா கவரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாகக் கரையைப் பார்த்துத் திரும்பினார்கள். "எறால் கம்பெனிக்குப் போற வண்டிய விட்டுட்டு நின்னேன்," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பொன்னி மட்டும் நின்றாள். புதிதாக வந்தவளைத் தண்ணீரில் தனியாக விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

"பாத்துக் கால வைங்க, ஓடு கிழிச்சிரும்," என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்திய?"

"உங்க போன் வரலை. அஞ்சு வாரமா."

பொன்னி புரியாமல் பார்த்தாள்.

"வியாழக்கிழமை பண்ணுவேளே. பெட்டி வந்துட்டுதான்னு."

"ஓ. அந்த மேடமா நீங்க." பொன்னி சிரிக்க முயன்றாள். "போனு வெள்ளத்துல போயிட்டு. இப்ப வேற நம்பரு. பெட்டியும் இல்ல, அதான் போடல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "டெல்லிக்கு ஒரு மேடம், பெங்களூருக்கு ஒரு சாரு, பம்பாய்ல ஒருத்தி. எல்லாருக்கும் நான்தான் போடுவேன். பெட்டி போய்ச் சேரலன்னா குழுவுல என்னையத்தான கேப்பாவ."

மேதா தலையை ஆட்டினாள். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "எங்கம்மா தவறினப்போ, சாப்பிட்டியளான்னு கேட்டேள்."

பொன்னி நின்று யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"கேட்டிருப்பேன் மேடம். ஆனா ஞாவகம் இல்ல. பொய் சொல்லக் கூடாதுல்லா."

"பரவாயில்லை," என்றாள் மேதா. அவளுக்குத் தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. டெல்லியிலிருந்து இந்தத் தண்ணீர்வரை அவளைக் கொண்டுவந்த ஒன்று அந்த இடத்தில் கையை விட்டுவிட்டுப் போனமாதிரி இருந்தது. சுற்றிலும் வெளிச்சமான தண்ணீர். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் கவனக்குறைவாகக் காலை வைத்தாள். ஓடு பாதத்தைக் கீறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னி காலைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். மீன் குழம்புதான் இருந்தது. மேதா மீன் சாப்பிட மாட்டாள் என்றதும் பொன்னி சங்கடப்பட்டு, பக்கத்து வீட்டில் மோர் வாங்கி வந்து, சோற்றில் ஊற்றி, சுட்ட அப்பளத்தோடு வைத்தாள். மேதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆணியில் ஒரு பழைய பள்ளிக்கூடப் பை தொங்கியது. கொடியில் ஓர் ஆணின் வேட்டி காய்ந்தது.

"இப்பல்லாம் எறால் கம்பெனிக்குப் போறேன்," என்றாள் பொன்னி. "தோல் உரிக்கிற வேலை. எரநூறு பொம்பளைக இருப்போம். வாயில துணி கட்டிருவாவ. பேசக் கூடாது. கூலரு போட்டு ஐஸ் மாதிரி இருக்கும்."

"எங்க எடமும் அப்படித்தான்."

"நெசமாவா?" பொன்னி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கும் வெரலு மரத்துப் போவுமா?"

"போகும். சாயங்காலம் சுடுதண்ணில வைப்பேன்."

"நான் அடுப்புப் பக்கத்துல வைப்பேன்," என்றாள் பொன்னி.

பஸ் ஐந்து மணிக்குத்தான். பொன்னி வாசலில் சாக்கை விரித்து, செத்த ஆளிகளின் காலி ஓடுகளைக் கொட்டினாள். கழியில் மறுபடி உப்பு ஏறிவிட்டது. ஓடுகளில் துளை போட்டுக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால், புதுக் குஞ்சுகள் தானாக வந்து ஒட்டும். ஒரு கயிற்றுக்கு ஆறு ஓடு. பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாமல் மேதாவும் ஒரு ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டாள். அவள் அடித்த முதல் நாலு ஓடும் நொறுங்கின. பொன்னி அவற்றை எடுத்து ஓரமாக எறிந்தாள். ஐந்தாவது நின்றது.

இரண்டு மணி நேரம் இருவரும் அதிகம் பேசவில்லை. மூன்றரை மணி வாக்கில் கோமளா அந்தப் பக்கம் வந்தாள். மேதா ஓடு கோத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மடித்த ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"இங்கிலீசு படிப்பியளா? மனுவுக்கு வந்தது. அந்தப் போட்டோ புடிச்ச ஆபீசரு போன்ல நல்ல சேதின்னுதான் சொன்னாரு."

மேதா இரண்டு தடவை படித்தாள். அவள் அப்பா வாழ்நாள் முழுதும் எழுதிய மாதிரிக் கடிதம்தான்.

"உங்க மனு கிடைச்சதுன்னு எழுதியிருக்கா. அதை வேற டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பியிருக்கா. வேற ஒண்ணும் இல்லை."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்லை."

கோமளா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "நெசத்தச் சொன்னியளே, அது போதும்," என்றாள். அவளும் ஒரு கயிற்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

நாலரை மணிக்கு மேதா எழுந்தாள். பொன்னி புது நம்பரைச் சொன்னாள். மேதா போனில் ஏற்றிக்கொண்டாள்.

"பெட்டி போட இன்னும் ஒரு வருசம் ஆவும் மேடம்."

"பெட்டி இல்லேன்னாலும் பண்ணலாமா? சும்மா."

பொன்னி கையிலிருந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பண்ணுங்க. ஆனா சும்மான்னா என்ன மேடம் பேசுறது?"

மேதா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மணலில் நொண்டி நொண்டி நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது இருவரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மேதாவின் காலில் சுற்றிய துணியையும், கையில் இருந்த ஷூவையும் பார்த்தாள்.

"ஊருக்குப் புதுசா? ஆரு வீட்டுக்கு வந்திய?"

"பொன்னி வீட்டுக்கு."

"எந்தப் பொன்னி? ரெண்டு பேர் உண்டுல்லா."

"ஆளி வளர்க்கிற குழுவில இருக்கா."

"ரெண்டு பேருமே அதுலதான் இருக்காளுவ. புருசன் பேரு என்ன?"

மேதாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடப் பை மகனுடையதா மகளுடையதா, எத்தனாவது படிக்கிறது, அந்த வேட்டிக்காரன் எங்கே வேலைக்குப் போயிருக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. இன்று மூன்று மணி நேரம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் வாரா வாரம் பேசியிருக்கிறாள். கேட்டதெல்லாம் பொன்னிதான், அங்க குளிரா, சாப்பிட்டியளா என்று. தான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டதில்லை.

"தெரியலை," என்றாள்.

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் உப்பளங்களுக்கு நடுவில் போயிற்று. வெயில் தாழ்ந்து, குவித்து வைத்த உப்பெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மேதா போனை எடுத்தாள். பிள்ளை இந்நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும். எத்தனாவது படிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். எண்ணை அழுத்தப்போனவள், டவர் இல்லாததைப் பார்த்து, போனை மடியில் வைத்துக்கொண்டு டவருக்காகக் காத்திருந்தாள்.